தோண்டி எடுப்பதா, மூடி வைப்பதா?

கூடங்குளத்தில் அணு உலை வந்த பிறகு எங்கள் ராதாபுரம் பக்கத்து டீக்கடையில் அடிக்கடி கிளம்பும் வாதம் இது: மண்ணில் புதைத்த கதிரியக்கக் கழிவைத் திரும்பத் தோண்டுவதா, அப்படியே மூடுவதா?

மூடுவது மலிவு. வேலையாட்கள் மேல் கதிர் படுவதும் குறைவு. ஆனால் எவ்வளவு காலம் மூடி தாங்க வேண்டும் என்பது கழிவில் என்ன கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சீசியம்-137 என்றால், அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய சுமார் 30 ஆண்டுதான். புளூட்டோனியம்-239க்கோ 24,000 ஆண்டுக்கு மேல். பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளில் ரூனிட் என்று ஒரு தீவு. அணுகுண்டுச் சோதனைக் குப்பையை அங்கே ஒரு குழியில் கொட்டி, கான்கிரீட் கூரை போட்டு 1980-இல் வேலையை முடித்தார்கள். அடியில் தளம் போடவில்லை. அலை ஏறி இறங்கும்போது உள்ளே நீர்மட்டமும் ஏறி இறங்குகிறது. பானை அடி ஓட்டை, மூடி மட்டும் கனம்!

தோண்டுவதும் லேசில்லை. ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். நீர் கசிந்ததால், அவற்றை வெளியே எடுக்க 2013-இல் சட்டமே போட்டார்கள். எடுத்ததை வைக்க வேறிடமும் தேட வேண்டும்.

நம் பக்கத்துத் தேரி மணலில், அதாவது செம்மணல் மேட்டில், தண்ணீர் நிற்காது, சர்ரென்று இறங்கிவிடும்; கழிவையும் நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகலாம். இப்படிப்பட்ட மண்ணில் புளூட்டோனியம் கிடந்தால் தோண்டத்தான் சொல்வேன். வெறும் சீசியம் என்றால் சரி, மூடிவிட்டு, அப்புறம் சுற்றுவட்டாரக் கிணறுகளைச் சோதித்துக்கொண்டே இருக்கலாம்.