நத்தை பார்க்க லென்ஸ் டப்பா: பெங்களூரு மழைக்கு எதை வாங்கலாம்?

ஜூன் மழை பிடித்துவிட்டால் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் வீட்டுப் பின்கட்டில் பூந்தொட்டிக்கு அடியிலும் காம்பவுண்ட் சுவரிலும் நத்தைகள் தலைகாட்டத் தொடங்கும். அக்டோபர் மழை ஓயும்வரை இருக்கும். ‘பக் வியூவர்’ என்று பொம்மைக் கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கும் லென்ஸ் டப்பாவைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பருவமும் இதுதான். பெட்டியில் எறும்பு, வண்டு, பட்டாம்பூச்சி படமெல்லாம் இருக்கும். நத்தைக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது உருண்டை டப்பா. மூடியில் ஒரு லென்ஸ், அதன்மேல் மடித்துத் திறக்கும் இன்னொரு லென்ஸ், அடியில் அளவு பார்க்கக் கட்டங்கள். இரண்டாவது சற்றுப் பெரியது. பூச்சி இருக்கும் அறைக்குக் கீழே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பார்கள். பக்கத்துத் துளையில் கண்ணை வைத்தால் உள்ளே இருப்பதன் அடிவயிறு தெரியும். நத்தைக்கென்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் தகும்.

காரணம் இருக்கிறது. நத்தையை டப்பாவுக்குள் விட்டால் சில நிமிடத்தில் சுவரில் ஏறி மூடிக்கு வந்துவிடும். மேலே ஏறுவது அதன் இயல்பு. லென்ஸை ஒட்டி வந்ததும் இரண்டு சிக்கல். பொருள் லென்ஸுக்கு நெருங்க நெருங்க உருப்பெருக்கம் குறைந்துகொண்டே போகும், கடைசியில் வெறும் கண்ணால் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். போதாததற்குக் கோழை அப்பி லென்ஸே மங்கிவிடும். தரையிலேயே சுற்றும் வண்டுக்காகச் செய்த மூடி அது.

கீழிருந்து பார்ப்பது வேறு அனுபவம். நத்தை நகரும்போது பாதத்தின் குறுக்கே கருமையும் வெளுப்புமாகப் பட்டைகள் வாலிலிருந்து தலைப்பக்கமாக வரிசையாக ஓடும். தசை சுருங்கி விரிவதால் வரும் அலை அது. காலே இல்லாத பிராணி எப்படி நடக்கிறது என்று கேட்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அடித்தளத்தில் கட்டம் அச்சடித்த டப்பாவில் கோடுகள் இந்த அலையை மறைத்துவிடும். அதனால் அடிப்பாகம் வெற்றாக, கீறல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீளம் அளக்க ஸ்கேல் போதும்.

வாயையும் பார்த்துவிடலாம். அரை டீஸ்பூன் கோதுமை மாவைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து டப்பாவின் அடியில் மிக மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிட்டு நத்தையை விடுங்கள். பசித்த நத்தையென்றால் வாய் திறந்து மூடுவதும், அரம் போன்ற நாக்கு மாவை வழித்தெடுப்பதும், பின்னால் சுத்தமான தடம் விழுவதும் தெரியும். அந்த நாக்கில் ஆயிரக்கணக்கில் நுண்பற்கள் உண்டு. மாவைக் கனமாகப் பூசினால் ஒளி புகாது, ஒன்றும் தெரியாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

இப்படிப்பட்ட டப்பாக்களோடு வரும் கையேட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். படத்தில் இருப்பது ஐரோப்பியத் தோட்டத்து உருண்டை நத்தை. ‘உள்ளங்கையில் ஊரவிட்டுப் பார்’ என்று ஆலோசனை வேறு. பெங்களூரில் அதைப் பின்பற்றவே கூடாது. இங்கே கண்ணில் அதிகம் படுவது ராட்சச ஆப்பிரிக்க நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கிருந்து நாடெங்கும் பரவியது. கூம்பு போல நீண்ட ஓடு, பழுப்பு வரிகள். எலியின் நுரையீரல் புழுவை இந்த நத்தை சுமக்கக்கூடும். அந்தப் புழு மனிதர் உடலுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரலாம். பயந்து ஓடவேண்டாம், ஆனால் வெறும் கையால் தொடக்கூடாது. டப்பா இருக்கும்போது தொடவேண்டிய அவசியமும் இல்லை, இந்தப் பொருளின் பெரிய பயனே அதுதான். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவவேண்டும், அதற்குள் விரல் வாய்க்குப் போகக்கூடாது.

டப்பாவுக்குப் பொருத்தமானது சிறிய, தட்டையான, பளபளக்கும் மெல்லிய ஓடுள்ள நம்மூர் நத்தை. ஆப்பிரிக்க நத்தையின் குட்டியும் சரி. ஓடு மூன்று செ.மீ. தாண்டினால் உள்ளே திரும்ப இடம் இருக்காது. தேடப் போகும் நேரம் மழைக்கு மறுநாள் விடிகாலை அல்லது இரவு எட்டு மணிக்கு மேல், டார்ச்சோடு. பப்பாளி, வாழை, செம்பருத்தியின் அடியிலும் ஈரச் செங்கல்லுக்குக் கீழேயும் பாருங்கள். சுண்ணாம்படித்த பழைய சுவரில் சுரண்டிய தடம் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை நத்தை அங்கிருந்துதான் எடுக்கிறது. தோட்டக்காரரிடம் ‘பசவன ஹுளு’ (கன்னடத்தில் நத்தை) என்று கேட்டாலே இடம் காட்டிவிடுவார். அவரிடம் இன்னொன்றும் விசாரியுங்கள்: நத்தையைக் கொல்லும் மருந்துக் குருணை போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் அந்தப் பக்கம் பிள்ளைகளையும் நாயையும் விடாதீர்கள். லால்பாக், கப்பன் பார்க்கிலிருந்து எடுத்துவரவும் வேண்டாம்.

கூடவே வரும் பிளாஸ்டிக் இடுக்கியை ஓரமாக வையுங்கள். குட்டி நத்தையின் ஓடு அதன் பிடியில் நொறுங்கிவிடும், முக்கியமாக ஓட்டின் வாயோரம். புது ஓடு வளரும் இடம் அது. சுவரில் ஒட்டிய நத்தையைப் பிய்த்து இழுத்தால் உடல் கிழியும். அதன் முன்னால் ஈர இலையொன்றைச் சாய்த்துப் பிடித்து, தலையருகே இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தானாக இலைக்கு ஏறும், இலையோடு டப்பாவுக்குள் வைக்கலாம்.

உள்ளே ஈர டிஷ்யூ ஒரு துண்டு, டப்பா நிழலில். வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறி நத்தை ஓட்டுக்குள் போய்விடும், தொடர்ந்து வைத்தால் செத்தும்விடும். ஒரு மணி நேரம் தாராளம். அதற்குள் மேல் கொம்பு இரண்டின் நுனியில் கரும்புள்ளியாகக் கண், கீழே மோப்பத்துக்கான குட்டைக் கொம்பு, ஓட்டின் விளிம்பை ஒட்டி வலப்பக்கம் மெல்லத் திறந்து மூடும் மூச்சுத் துளை எல்லாம் பார்த்துவிடலாம். இந்த மூச்சுத் துளைக்கு மட்டும் மூடி லென்ஸ் உண்மையிலேயே உதவுகிறது. நத்தை சுவரின் நடுவில் இருக்கும்போது டப்பாவைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். உப்புப் போட்டுப் பார்க்கும் ஆசை சில பிள்ளைகளுக்கு வரும். உப்பு உடல் நீரை உறிஞ்சிக் கொன்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எடுத்த இடத்திலேயே திருப்பி விடுங்கள். ஆப்பிரிக்க நத்தையை வேறு தெருவில் விட்டால் அங்கேயும் பெருகும், ஒரு ஈட்டுக்கு நூற்றுக்கு மேல் முட்டை இடும்.

கட்டுமானத்தில் பலவீனம் மடக்கு லென்ஸின் கீல். பிள்ளைகள் நாலு தடவை வேகமாகத் திறந்தால் விரிசல் விடும். காற்றுத் துளைகள் இரண்டு மி.மீ.க்கு மேல் இருந்தால் புதிதாகப் பொரித்த குட்டிகள் நழுவிவிடலாம்.

ஏற்கெனவே வீட்டில் நல்ல தெளிவான கண்ணாடிக் கிண்ணமும் பத்து மடங்கு கைலென்ஸும் இருந்தால் இந்த டப்பா அவசியமில்லை. இல்லாதவர்களுக்கு, ஐந்திலிருந்து பத்து வயதுக்கு, கண்ணாடி வைத்த வகைக்கு ஐந்துக்கு நாலு தருவோம். வெறும் மூடி லென்ஸுக்கு இரண்டரை.

கழுவும் விதம் முக்கியம். காய்ந்த கோழை தேய்த்தால் போகாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் தோல் போல உரிந்து வரும். சமையலறைத் தொட்டியில் கழுவாமல் வெளிக் குழாயில் கழுவுங்கள். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள ஆல்கஹால் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கி லென்ஸைப் பனி படிந்ததுபோல் ஆக்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வேண்டாம், பழைய பருத்தித் துணி போதும்.