செயற்கைப் புல்லா, அசல் புல்லா, பொடுதலையா? முதலில் வெயிலைப் பாருங்கள்

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் தரை இருந்தால் போதும், யாராவது ஒருவர் வந்து "பேசாமல் செயற்கைப் புல் போட்டுவிடுங்களேன், தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நான் ஒரே தோட்டத்தில் மூன்றையும் போட்டுப் பார்த்தவன். வாசல் பக்கமும் மரத்தடியிலும் செயற்கைப் புல், நடுவில் அசல் புல், மதிலோரம் பொடுதலை என்ற தரையோடு படரும் செடி. மூன்றிடமும் ஒவ்வொரு விதத்தில் ஏமாந்திருக்கிறேன், அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

எல்லோரும் செலவில்தான் ஒப்பீட்டைத் தொடங்குகிறார்கள், அப்புறம் தண்ணீர், அப்புறம் வேலை. வெயில் என்ற ஒன்று நினைவுக்கு வருவதே எல்லாம் போட்டு முடித்த பிறகுதான். என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான்: உங்கள் தரையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது?

செயற்கைப் புல் பேர் வாங்கியதே நிழலால்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1965இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை வேய்ந்த பேஸ்பால் அரங்கைத் திறந்தார்கள். கீழே அசல் புல், அதற்கு வெளிச்சம் வேண்டுமென்று மேலே ஒளி ஊடுருவும் கூரை. கண் கூசி, உயரப் போன பந்தே தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புலம்பியதால் கூரைக்குச் சாயம் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. மறு வருடம் மான்சாண்டோ நிறுவனத்தின் நைலான் புல்லை விரித்தார்கள். கெம்கிராஸ் என்றிருந்த அதன் பெயர் ஆஸ்ட்ரோடர்ஃப் என்று மாறியது அதற்கப்புறம்தான்.

வீட்டிலும் இதே கதைதான். அருகம்புல்லுக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். கொரியன் புல் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும், ஆனால் அடர்ந்த மரத்தடியிலோ இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவிலோ அதுவும் நூல் நூலாக இளைத்து, இடையில் பாசி பிடித்து, கடைசியில் வெறும் சேறாகிவிடும். மரத்தடியில் மூன்று முறை புல் நட்டேன். மூன்று முறையும் மண்தான் மிஞ்சியது. நாலாவது முறை செயற்கைப் புல்லை விரித்தேன், இன்றுவரை அங்கே உட்கார்ந்துதான் மாலையில் படிக்கிறேன். உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அதே சுருளில் மிச்சமிருந்ததை, வெயில் அப்படியே இறங்கும் வாசல் பக்கம் போட்டதுதான் தப்பு. கோடையில் மதியம் ஒரு மணிக்கு வெறுங்காலோடு இறங்கிப் பாருங்கள், இரண்டாவது அடி வைக்க மாட்டீர்கள். கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அசல் புல் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் அந்த ஆவியோடு சூடும் போய்விடுகிறது, பக்கத்திலேயே இருந்த என் அசல் புல் அதே நேரத்தில் காலுக்கு இதமாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக்குக்கு அந்த வழி கிடையாது, வாங்கிய சூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் தெளித்தால் ஆறும், காய்ந்ததும் பழைய நிலைதான். தண்ணீர் மிச்சம் என்று போட்ட புல்லுக்குத் தினமும் குழாயைத் திறந்துகொண்டு நின்றால் எப்படி? இன்னொன்று, இரட்டைக் கண்ணாடி போட்ட நவீன ஜன்னல்களில் பட்டுத் திரும்பும் வெயில் ஓரிடத்தில் குவிந்தால் இழைகள் உருகிச் சுருண்டுவிடும், தரையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி ஒரு தடம் விழும்.

தண்ணீர்க் கணக்கையும் நேர்மையாகப் போட்டுவிடுவோம், ஏனென்றால் செயற்கைப் புல் ஆட்களின் பலமான வாதம் அதுதான். மழையில்லாத காலத்தில் அசல் புல்லுக்கு வாரம் சுமார் 25 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்பார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆக 50 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 1,250 லிட்டர். குடிக்கவே தண்ணீர் தேடும் இடத்தில் இதை நியாயப்படுத்த எனக்கு வாய் வராது.

ஆனால் அப்படிப்பட்ட இடத்துக்கும் பதில் பிளாஸ்டிக்தான் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் பொடுதலை இருக்கிறது. வரப்பிலும் குளக்கரையிலும் தானாகப் படரும் அதே செடிதான். கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு ஒட்டிக்கொள்ளும், வேர் பிடித்த பிறகு புல்லைவிடக் குறைந்த தண்ணீரில் காலம் தள்ளும், எப்போதாவது ஒரு முறை வெட்டினால் போதும், நடந்தாலும் தாங்கும். பந்து விளையாடித் துவம்சம் செய்தால் தாங்காது. பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்க்கும், எனக்கு அது சந்தோஷம்தான் என்றாலும் வெறுங்காலோடு ஓடிய அக்கா மகன் காலில் கொட்டு வாங்கிய அன்று வீட்டில் எனக்கு விழுந்த திட்டு தனிக்கதை. நிழலில் இதுவும் சரிப்படாது.

செயற்கைப் புல்தான் என்று முடிவெடுத்துவிட்டீர்களா, சரி, இழையின் நீளத்தைவிட அடியில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவர் மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி அதன் மேலேயே விரித்துவிட்டுப் போனார், முதல் மழையிலேயே நடுவில் குளம் கட்டியது. மேல் மண்ணை வெட்டி எடுத்து, 75 முதல் 100 மில்லிமீட்டர் ஜல்லியும் சல்லித் தூளும் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, நீர் ஓட வாட்டம் வைத்த பிறகுதான் விரிக்க வேண்டும். இரண்டு துண்டு இணையும் இடத்தில் இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன பசை போட்டாலும் இரண்டு நிறப் பாய் மாதிரி தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். வெட்டும்போது மேலிருந்து வெட்டினால் இழைகள் போய்விடும், திருப்பிப் போட்டுத் தையல் வரிசைகளுக்கு நடுவே கத்தி போக வேண்டும். கடைசியில் சிலிக்கா மணலைத் தூவித் துடைப்பத்தால் எதிர்த்திசையில் பெருக்கினால் மணல் உள்ளே இறங்கி இழையை நிமிர்த்திப் பிடிக்கும். இதில் எதைக் குறைத்தாலும் இரண்டாம் வருடமே ஓரம் தூக்கிக்கொள்ளும்.

வேலையே இல்லை என்பதையும் நம்பாதீர்கள், வேலையின் வகைதான் மாறுகிறது. காற்றில் வரும் தூசி இழைகளுக்குள் படியும், அந்தத் தூசியில் விதை விழும், அசல் களை முளைக்கும். நடமாட்டம் உள்ள இடத்தில் இழை படுத்துவிடும், வாரிவிட வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும்: அசல் புல்லில் நாய் மூத்திரம் பட்ட இடம் வட்டமாகக் கருகும், அசிங்கம்தான், ஆனால் மண் அதை வாங்கிக்கொள்ளும். செயற்கைப் புல்லில் கருகாது, நாறும். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும், அடிக்கடி அலசிவிட வேண்டும்.

ஆயுள் என்று பார்த்தால் நல்ல சரக்கு 10, 15 வருடம் வரும். அப்புறம்? வெயில் பட்டுப் பட்டு மொரமொரப்பாகும் இழை பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். விளையாட்டு மைதானங்களில் இந்தப் புல்லுக்கு நடுவே கொட்டும் ரப்பர் குருணை போன்ற நுண்பிளாஸ்டிக்கை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை கொண்டுவந்து, 8 வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறது. வீட்டுப் புல்லில் பெரும்பாலும் மணல்தான் போடுகிறோம் என்பதால் அந்தத் தடை நம்மைத் தொடாது, உதிரும் இழையும் பிளாஸ்டிக்தான் என்பது மட்டும் மாறாது.

ஒரு விடுமுறை நாளில் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று என்று மூன்று முறை தோட்டத்தில் போய் நின்று, நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கல்லை வைத்துக் குறித்துவிடுங்கள். கல்லுக்கு உள்பக்கம், எப்போதும் நிழலாக இருக்கும் இடத்தில், செயற்கைப் புல் தாராளமாகப் போடலாம். வெயில் பக்கம் பிள்ளைகள் ஓடியாட வேண்டும், தண்ணீரும் இருக்கிறது என்றால் அருகம்புல். தண்ணீர் இல்லையென்றால் பொடுதலை.

என் வாசல் பக்கத்துப் புல்லைப் போன வருடம் பெயர்த்தெடுத்தேன். ஆறு வருடம்கூட ஆகவில்லை. உள்ளே இறங்கிய மணலோடு சுருட்டியதில் இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாத கனம். முதுகில் பசையும் மணலும் ஒட்டியிருப்பதால் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர்களும் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது, அதன் மேலும் பொடுதலை ஏற ஆரம்பித்திருக்கிறது.