காலாண்டு விடுமுறையில் சிற்பம் பார்க்க: எழும்பூரா, சோழமண்டலமா?

சென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக இது.

போக்குவரத்து
எழும்பூர் அரசு அருங்காட்சியகம்: மெட்ரோவில் சென்ட்ரல் இறங்கி, வண்டி மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர்.
சோழமண்டலம் ஓவியர் கிராமம்: ஈஞ்சம்பாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை. நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

சிற்பங்கள்
எழும்பூர்: ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள். நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தில் ஒரே யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் மதம் பிடித்து ஆளைத் தூக்கி எறிகிறது, மறுபக்கம் புத்தர் முன்னால் மண்டியிடுகிறது. "இரண்டும் ஒரே யானைதான்" என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் திருவாலங்காடு நடராசர்.
சோழமண்டலம்: 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய ஓவியர் கிராமம். மரத்தடியில் நவீனச் சிற்பங்கள். சுற்றிவந்து பின்பக்கமும் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதில் அந்தச் சுகம் கிடையாது.

மழை
புரட்டாசி மாலையில் சட்டென்று கொட்டும். எழும்பூரில் கூடங்களுக்குள் ஒதுங்கலாம். சோழமண்டலத்தின் தோட்டமும் திறந்தவெளி அரங்கமும் வானத்தை நம்பியவை. காலையிலேயே போய்விடுங்கள்.

நிகழ்ச்சி
எழும்பூர் வளாகத்தில் பழைய நாடக அரங்கம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அன்றைக்கு என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள், பாட்டி, அரை நாள்தான் நேரம் என்றால் எழும்பூர் சரி. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. வரையத் தெரிந்த பிள்ளை இருந்தால் சோழமண்டலம், கூடவே ஒரு நோட்டு.