எண்ணூர்ச் சேற்றில் இரண்டு மாடல்கள்

எண்ணூர்ப் பக்கம் கடற்களிமண் மேல் ஒரு சாலைக் கரை. கட்டைவிரலை வைத்தால் பதியும் மண். அதன் அமிழ்வைக் கணக்கிட, ஆபீஸில் வாங்கித் தந்த மென்பொருளில் இரண்டு மாடல்களை (மண் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் கணித விதிகளை) ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் மாடிஃபைடு கேம் க்ளே. 1968-இல் கேம்பிரிட்ஜின் ரோஸ்கோவும் பர்லாண்டும் தந்தது. ஐந்தே எண்கள். அவற்றில் லாம்டா (பாரம் ஏற மண் எவ்வளவு அமுங்கும்), காப்பா (பாரம் இறங்க எவ்வளவு மீளும்) இரண்டையும், மண் வில்லையை அழுத்திப் பார்க்கும் ஈடோமீட்டர் சோதனையிலேயே எடுத்துவிடலாம். மண் கொட்டிய மாதங்களில் செட்டில்மெண்ட் பிளேட் (இறக்கத்தை அளக்கக் கரைக்கு அடியில் வைக்கும் தகடு) அளவோடு நன்றாகவே ஒத்துப்போனது. பிறகுதான் வம்பு. மண்ணுக்குள் இருந்த நீரழுத்தம் வடிந்ததும் மாடல் வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டது. கரையோ இறங்கிக்கொண்டே இருந்தது. க்ரீப், அதாவது பாரம் மாறாமலே மண் மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பது, என்ற ஒன்றே இதற்குத் தெரியாது.

க்ரீப் சேர்த்த மாடல் அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் ஓசிஆர் (மண் முன்பு தாங்கிய அதிகபட்ச அழுத்தத்துக்கும் இப்போதைய அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) விஷயத்தில் படு முசுடு. 1.0 கொடுத்தேன், பாரம் ஏற்றுமுன்பே தரை இறங்க ஆரம்பித்துவிட்டது! 1.3 ஆக்கியதும் அடங்கியது. மாதிரி எடுக்கையிலேயே மண் கலங்கியிருந்தால் அந்த எண்ணை எதை வைத்து நம்புவது? கையேடு இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மென்பொருளுக்கு ஐந்துக்கு மூன்றரை. மண்ணை அதிகம் கலக்காமல் மாதிரி எடுக்கும் நல்ல பிஸ்டன் சாம்ப்ளருக்குக் காசு ஒதுக்காதவர்கள் இரண்டாவது மாடலைத் தொடவே வேண்டாம்.