இருட்டா, நத்தையா, மருந்தா? புதுக் கடல்நீர்த் தொட்டியில் பாசி பிடித்தால்

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்தவர்கள் மூன்றாவது நான்காவது வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மணலெல்லாம் பழுப்பாகிவிட்டது, என்ன ஊற்றலாம்? எதையும் ஊற்றாதீர்கள். பழுப்பாக வருவது இரண்டு வகை, ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதை வளர்த்துவிடும்.

முதலாவது டயாட்டம், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. மணல்மீதும் கண்ணாடிமீதும் தூசி படிந்த மாதிரி இருக்கும், விரலால் தேய்த்தால் போய்விடும், தண்ணீரிலும் புது மணலிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்று தீர்த்ததும் சில வாரங்களில் தானே அடங்கும். இரண்டாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிர், சுருக்கமாக டைனோ. இது சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கும், நூலில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டிருக்கும், ராத்திரி விளக்கை அணைத்தால் குறைந்த மாதிரி தெரிந்து மறுநாள் சாயங்காலத்துக்குள் பழையபடி வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் பிடித்து, நன்றாகக் குலுக்கி, ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள் (நம் வீட்டுப் பித்தளைக் காபி ஃபில்டர் ஆகாது, ஓட்டை பெரிது). வடிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் விளக்கடியில் வைத்தால், டைனோவாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஒன்றுகூடித் திரளும். டயாட்டம் அப்படிச் சேராது.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். டயாட்டத்துக்கு நத்தைதான் சரி, ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடும். அதே நத்தையை டைனோ பிடித்த தொட்டியில் விட்டால் செத்துப்போக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் டைனோவில் சில வகைகளுக்கு விஷம் உண்டு. தண்ணீர் மாற்றுவதும் அப்படித்தான். சத்து மிகுந்து வந்த பச்சைப் பாசியை அது அடக்கும்; டைனோவோ நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய தொட்டியில்தான் கொண்டாட்டம் போடுகிறது. சுத்தம் சுத்தம் என்று மாற்ற மாற்ற அது பெருகும். அதற்குச் செய்ய வேண்டியது நேர்மாறானது: தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தீவனத்தைக் கூட்டி, நைட்ரேட்டை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) பக்கமும் பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 வரையிலும் நிறுத்தி, மற்ற நுண்ணுயிர்கள் வந்து இடம் பிடிக்கும்வரை காத்திருப்பது. ராத்திரியில் மணலை விட்டு எழுந்து நீந்தும் வகையாக இருந்தால் யுவி விளக்கு (தொட்டித் தண்ணீரைப் புற ஊதாக் கதிர் வழியே ஓடவிடும் மூடிய கருவி) நன்றாகக் கைகொடுக்கும், மணலிலேயே கிடக்கும் வகைக்கு அவ்வளவாக இல்லை.

சிவப்புப் படலம் வேறு கதை. பாலாடை மாதிரி ஏடாக உரிந்து வந்தால், மோந்து பார்த்தால் நாறினால், அது சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. பாசியே அல்ல, பாக்டீரியா. தழைச்சத்துக்காக நம் நெல்வயலில் தூவுகிற நீலப்பச்சைப் பாசிக்குச் சொந்தக்காரன். காற்றிலிருந்து வரும் தழைச்சத்தைச் சில வகைகள் தாமே பிடித்துக்கொள்ளும் என்பதால், நைட்ரேட்டைப் பூஜ்ஜியமாக்கிப் பட்டினி போடலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. நத்தையும் இதைச் சீந்தாது. இருட்டுக்கும் எரித்ரோமைசினுக்கும்தான் போட்டி. எரித்ரோமைசின் சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் அது ஆன்டிபயாடிக். இரண்டு மாதமாகக் கஷ்டப்பட்டு வளர்த்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துத் தட்டலாம். என் ஓட்டு இருட்டுக்கு. முதலில் படலத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் விளக்கை அணைத்து, போர்வையால் மூடி, ஏர் பம்பை மட்டும் நிறுத்தாமல் ஓட விடுங்கள். மூலையில் நீரோட்டம் இல்லாமல் கிடந்ததால்தான் வந்தது என்றால், அந்த மூலைக்கு நீரோட்டம் தரும் பம்பைத் திருப்பாதவரை திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

பச்சையாக முடி மாதிரி வளர்வதற்குக் கைதான் முதல் ஆயுதம், களை பறிப்பது போலப் பறிக்க வேண்டும். கல்லை வெளியே எடுக்க முடிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி வைக்கலாம். மருந்துக் கடையில் 3 சதவீதமும் உண்டு, 6 சதவீதமும் உண்டு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் இதெல்லாம் பறிக்கிற வேலைதான், உரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லையென்றால் வருஷம் முழுக்கப் பறிக்கலாம்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். மயிலாடுதுறையில் என் 150 லிட்டர் தொட்டிக்கு வீட்டு ஆர்ஓ தண்ணீரில்தான் உப்பு கலந்தேன். குடிக்கிற தண்ணீர்தானே என்ற நினைப்பு. மீட்டர் வாங்கிப் பார்த்தால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 70! நாக்குக்கு ருசியாக இருக்கட்டும் என்று அந்த மெஷின் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் சேர்த்தே விடுகிறது, போர் தண்ணீரில் இருந்ததெல்லாம் அந்த வழியாகத் தொட்டிக்குள் வந்திருக்கிறது. ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் நிரப்பிய டிஐ குடுவை ஒன்று மாட்டி, டிடிஎஸ்ஸைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாசி தளர்ந்தது. பூம்புகாரிலோ தரங்கம்பாடியிலோ கேனில் கடல் தண்ணீரையே பிடித்து வரலாமே என்பார்கள், உப்புப் பை விலையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். கோடையில் தெளிந்த நாளில் பிடித்தால் பரவாயில்லை. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறுகள் வெள்ளத்தோடு சேற்றையும் வயல் உரத்தையும் கொண்டுவந்து கொட்டும் நேரம், கரையோரத்தில் உப்பும் குறைந்திருக்கும், தொட்டிக்கு வேண்டிய 1.025 ஒப்படர்த்தி கிடைக்காது. போகிற போக்கில் பவளம் ஒட்டிய கல்லைப் பொறுக்கி வந்துவிடாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி பவளத்தைத் தொடக்கூடாது.

எல்லாம் செய்தும் அடங்காமல், அருகே பார்த்தால் ஒவ்வொரு இழையும் குட்டி இறகு மாதிரி இருக்கிறதா? அது பிரையாப்சிஸ். பறித்தால் துண்டுக்குத் துண்டு முளைக்கும், நத்தை பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. இதற்கு மட்டும் நானும் மருந்துப் பக்கம்தான்: பூஞ்சைக்குக் கொடுக்கிற ஃப்ளுகோனசோல், 100 லிட்டருக்குச் சுமார் 500 மில்லிகிராம். மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் ஃபில்டரில் இருக்கும் கார்பனை (கரித்தூளை) எடுத்துவிட்டு இரண்டு வாரம் விட வேண்டும். டயாட்டம், டைனோ, சயனோ மூன்றையும் இது ஒன்றும் செய்யாது, அதனால் இனம் தெரியாமல் போட்டால் காசுதான் தண்டம். பிரையாப்சிஸ் வெளுத்து விழ விழ உறிஞ்சி எடுத்துவிடுங்கள், விட்டால் அதில் இருந்த சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போகும். உறிஞ்சிய தண்ணீரைக் கொல்லைப்புற வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், மருந்தை விடுங்கள், அதில் இருக்கும் உப்பே பக்கத்து நாற்றங்காலுக்குப் போதும்.