எட்டு ஸ்பின்னும் அதிரசப் பாகும்: குவாண்டம் கணினியோடு ஒன்றரை வருடம்

காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஒன்றரை வருடமாக இணையவழிச் சேவை ஒன்றின் இலவசக் கணக்கில் குவாண்டம் கணினியை ஓட்டிப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: குறுக்குக் காந்தப்புலத்தில் வைத்த ஐசிங் சங்கிலி, அதாவது மேல் அல்லது கீழ் காட்டும் குட்டிக் காந்தங்கள் (ஸ்பின்கள்) வரிசையாக நிற்கும் மாதிரி. பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்கப் பார்க்கும், புலம் அதைக் கலைக்கும். இரண்டின் வலிமையும் சமமாகும் இடத்தில் ஒழுங்கு போய்விடும். 1925இல் இயற்பியலாளர் ஐசிங் தீர்த்த, குறுக்குப் புலம் இல்லாத சங்கிலியில் வெப்பத்தால் இப்படி ஒழுங்கு குலையும் நிலைமாற்றம் வராது. என் சங்கிலியில் அது தனிச்சுழி வெப்பநிலையிலேயே புலத்தால் வருவது. 1970இலேயே விடை கண்டுவிட்டார்கள். கருவியைச் சோதிக்க, விடை தெரிந்த கணக்குதானே வசதி!

முதல் மாதம் சராசரிக் காந்தமாக்கத்தை, அதாவது ஸ்பின்கள் மொத்தமாக எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கின்றன என்பதை, வரைந்தேன். எந்தப் புலத்திலும் பூஜ்யத்தை ஒட்டியே வந்தது. கருவியைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது. மேல், கீழ் இரண்டு ஒழுங்கும் சரிபாதியாகக் கலந்திருந்தால் சராசரி பூஜ்யம்தான். ஒவ்வொரு தடவையும் வந்த காந்தமாக்கத்தை வர்க்கமாக்கி, அதற்குச் சராசரி எடுத்த பிறகுதான் வளைகோடு தென்பட்டது.

அப்புறம் இரைச்சல், அதாவது கருவி செய்யும் பிழைகள். எட்டு ஸ்பின்னுக்கு ஏழு இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிநாட் கதவு (இரண்டு குவாண்டம் பிட்டுகளைப் பிணைக்கும் அடிப்படைச் செயல்), கணக்கை நகர்த்தும் பத்து படிகளுக்கு மொத்தம் 140. கதவுக்கு நூற்றில் ஒரு பிழை என்று வைத்தாலே, பழுதில்லாமல் முடிவது நான்கில் ஒரு தடவை. வளைகோடு மழுங்கித்தான் வரும்.

ஆனால் மழுங்கலுக்கு இரைச்சல் மட்டும் காரணமில்லை. கானாடுகாத்தானில் அப்பத்தா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது, "எந்த நிமிஷத்துல பதம் வந்துச்சு?" என்று கேட்டேன். "அதென்னப்பா நிமிஷம்? வர வர இறுகும், கைக்குத் தெரியும்" என்றார். எட்டு ஸ்பின்னும் அப்படித்தான். கூர்மையான முறிவு முடிவில்லாத சங்கிலிக்கே உண்டு. சின்னச் சங்கிலியில் வெறும் சரிவு.

விடை மட்டும் வேண்டுமென்றால் மடிக்கணினி போதும். எட்டு ஸ்பின்னுக்கு 256 நிலைகள், ஒரு நொடி வேலை. இருபரிமாணத்தில் ஸ்பின்கள் பெருகும்போதுதான் அது திணறும். 2021இல் ஹார்வர்டில் 256 அணுக்களை லேசரால் பிடித்து வைத்து, கதவுகளே இல்லாமல் இப்படிப்பட்ட மாற்றங்களைப் பார்த்தார்கள். என் கணக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அடுத்து 12 ஸ்பின் போடச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். சரிவு கொஞ்சம் செங்குத்தாகும், சரி. கதவு 220 ஆகுமே!