முகூர்த்த நேரத்தில் நின்ற வீடியோ: பழைய சிபியு, என்விடியா கார்டு, என்100 மினி பிசி

தங்கை கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்து சேர்ந்தது. 4கே, எச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் புதிய முறை), 10 பிட் (நிறத்தை நுணுக்கமாகச் சேமிப்பது). வீட்டு சர்வரில் ஏற்றி, அங்கிருந்து டிவிக்கும் போனுக்கும் வீடியோ அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளில் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தேன். கெட்டிமேளம் ஆரம்பித்தது, மாப்பிள்ளை கை தாலியோடு மேலே போனது, அப்படியே நின்றது. திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏண்டா, முகூர்த்த நேரத்துல கல்யாணத்தையே நிறுத்திட்டியே" என்றார்.

என் போனில் அதே கோப்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஹால் டிவி பழசு, அதற்கு எச்இவிசி தெரியாது. எனவே சர்வர் அதை உடனுக்குடன் பழைய முறையான எச்.264 ஆக மாற்றி ஊட்ட வேண்டும்; இதற்குத்தான் டிரான்ஸ்கோட் என்று பெயர். அங்கேதான் மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகு மூன்று வழிகளில் இதைச் சரிசெய்து பார்த்தேன்: இருந்த டெஸ்க்டாப்பின் சிபியுவை வைத்தே சமாளிப்பது, அதில் ஒரு செகண்ட் ஹேண்ட் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டைச் செருகுவது, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இன்டெல் என்100 என்ற சின்னச் சிப் உள்ள மினி பிசிக்கு மாறுவது. இப்போது வீட்டில் ஓடுவது மூன்றாவது. அதன் பக்கம்தான் பேசப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் லாக்கை, அதாவது சர்வர் எழுதி வைக்கும் பதிவை, திறந்து பாருங்கள். நான் திறக்காமல் ஒரு வாரத்தை வீணாக்கினேன். ஜெல்லிஃபின் ஒவ்வொரு டிரான்ஸ்கோடுக்கும் லாக் ஃபோல்டரில் தனிக் கோப்பு எழுதுகிறது, பெயர் எஃப்எஃப்எம்பெக் (மாற்றும் வேலையைச் செய்யும் புரோகிராம்) என்று தொடங்கும். அதன் கடைசிப் பகுதி போதும். அங்கே "ஸ்பீட்" என்று ஓர் எண் வரும். அது 1-க்குக் கீழே இருந்தால் இயந்திரத்துக்கு வலு போதவில்லை. எனக்கு அன்றைக்கு 0.4 இருந்தது. அதாவது ஒரு விநாடி வீடியோவைத் தயாரிக்க இரண்டரை விநாடி. முன்னால் சேர்த்து வைத்தது தீர்ந்ததும் வட்டம் சுற்றாமல் என்ன செய்யும்?

ஸ்பீட் எண்ணே வராமல், ஆரம்பித்த உடனே செத்துப்போயிருந்தால் அது வேறு நோய்: டிரைவர், அனுமதி, டிஸ்க் நிரம்பியது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். புரோகிராம் நிற்கும்போது லாக்கில் விட்டுப்போகும் எண் 137 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள், அனேகமாக ரேம் பற்றாக்குறை. 139 என்றால் புரோகிராம் தானே விழுந்திருக்கிறது, பல நேரம் டிரைவர் கோளாறு.

இந்த இரண்டாவது நோயையும் அன்று சாயங்காலமே நானே வரவழைத்துக்கொண்டேன். ஜெல்லிஃபினில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (வீடியோ வேலையைச் சிப்பிலுள்ள தனிப் பகுதியிடம் விடுவது) பக்கத்தைத் திறந்து, இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். அதற்குப் பிறகு வீடியோ தொடங்கக்கூட இல்லை. லாக்கில், எச்இவிசி ப்ரொஃபைல் 2-க்கு சப்போர்ட் இல்லை என்று ஒரு வரி. ப்ரொஃபைல் 2 என்பது 10 பிட். என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5. இன்டெல் சிப்பில் அந்தத் தனிப் பகுதியான குவிக் சிங்க் 2011-லேயே வந்துவிட்டாலும், எச்இவிசி 8 பிட் அதில் ஒழுங்காகச் சேர்ந்தது ஆறாம் தலைமுறையில், 10 பிட் ஏழாம் தலைமுறையில். இல்லாத வேலையைச் செய் என்று நான் டிக் போட்டால் பாவம் அது என்ன செய்யும்? உங்கள் சிப்புக்குத் தெரிந்த கோடெக்கில் (வீடியோ சுருக்கும் முறையில்) மட்டும் டிக் போடுங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, முதல் வழி: சிபியு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களிடம் இருப்பதெல்லாம் 1080பி எச்.264 என்றால் பத்து வருஷப் பழைய ஐ5 கூட ஒருவருக்குத் தாராளமாக ஓட்டும். டிரைவர் தொல்லை கிடையாது. அதே பிட்ரேட்டில் (விநாடிக்குச் செலவாகும் டேட்டாவில்) படத்தின் தரமும் இதில்தான் மேல். 4கே 10 பிட் வந்தால் மட்டும் கையை விரித்துவிடும். தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் ப்ரீசெட்டை எவ்வளவு வேகமாக்கினாலும் 0.4-ஐ 0.6 ஆக்கலாம், 1 ஆக்க முடியவில்லை. ராஸ்ப்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதில் எச்.264 ஆக மாற்றித் தரும் ஹார்டுவேர் என்கோடரையே எடுத்துவிட்டார்கள். இந்த வேலைக்கு வேண்டாம்.

இரண்டாவது, கார்டு. 6,500 ரூபாய்க்கு ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தது. (ஜிடி 1030 மலிவு என்று போய்விடாதீர்கள், அதில் என்கோடரே இல்லை.) செருகினேன், டிரைவர் போட்டேன், ஸ்பீட் 4-ஐத் தாண்டியது. தாலி ஏறியது, அம்மா அழுதார், எல்லாம் மங்களம். வீட்டுக் கார்டுகளில் ஒரே நேரத்தில் இத்தனை என்கோடுதான் என்று என்விடியா ஒரு வரம்பு வைத்திருக்கிறது. முன்பு 2 ஆக இருந்தது, பிறகு 3, 5, 8 என்று ஏறிவிட்டது. ஒரு வீட்டுக்கு அது பொருட்டே இல்லை. வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதாக இருந்தால் கட்டுரை இங்கேயே கார்டின் பக்கம் முடிந்திருக்கும்.

ஆனால் சர்வர் என்பது தினம் உட்கார்ந்து பார்க்கும் இயந்திரம் இல்லையே. மூலையில் வைத்துவிட்டு மறந்துபோகும் பொருள். ஆறு மாதம் கழித்தும் அது தானாக ஓடுமா என்பதுதான் எனக்கு ஒரே கேள்வி. அங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

கார்டு ஓடவேண்டும் என்றால் எத்தனை பேர் ஒத்துப்போக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒன்று. அதில் ஏற்றப்படும் என்விடியா மாட்யூல் இரண்டு; கெர்னல் மாறும்போதெல்லாம் இதைப் புதிதாகக் கட்ட வேண்டும். வெளியில் இருக்கும் டிரைவர் லைப்ரரி மூன்று. மாட்யூலும் இதுவும் ஒரே பதிப்பாக இருந்தே ஆகவேண்டும். டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டினால், அந்தப் பெட்டிக்குக் கார்டைக் காட்டும் கன்டெய்னர் டூல்கிட் நான்கு. ஜெல்லிஃபினோடு வரும் எஃப்எஃப்எம்பெக் ஐந்து. அதுவும் இன்ன பதிப்புக்குக் குறைந்த டிரைவரை ஏற்காது. ஐந்தில் ஒன்று நகர்ந்தால் மற்ற நான்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எனக்கு நடந்தது முழுக்க என் தவறுதான். தானியங்கி அப்டேட்டை ஆன் செய்து வைத்திருந்தேன், மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்யவில்லை. ஒரு ராத்திரி பின்னணியில் லைப்ரரி மட்டும் புதிதாகிவிட்டது. மெமரியில் ஓடிக்கொண்டிருந்த மாட்யூல் பழசு. காலையில் டிரைவரும் லைப்ரரியும் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று பிழை. ரீஸ்டார்ட் செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் அன்றைக்கு வெளியூரில். வீட்டில் அப்பாவுக்கு போனில் வழி சொல்லி, அவர் சர்வருக்குப் பதில் ரௌட்டரை அணைத்து... அந்தக் கதை வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியை ரீலோட் செய்யும்போது ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் கார்டைத் தொலைத்துவிடுவது டாக்கரில் தெரிந்த சிக்கல்தான். வெளியில் பார்த்தால் கார்டு நன்றாக இருக்கும், உள்ளே போனால் காணோம். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வரும். தீர்வு தெரிந்தவருக்கு இது ஒன்றுமே இல்லை. தெரியாதவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறது என்று 1050 டிஐ போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டு பார்க்கிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்: என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் அவற்றுக்குக் கடைசி.

என்100-இல் இந்தச் சங்கிலி குட்டை. இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915 டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, கெர்னல் மாறினால் கூடவே மாறும். வீடியோவுக்கான இன்டெல் டிரைவரும், எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாக உள்ள வீடியோ) நிறத்தைச் சாதா டிவிக்கு மாற்றத் தேவையான ஓப்பன்சிஎல் என்ற மென்பொருளும் ஜெல்லிஃபினின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. நாம் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: டெவ் ஃபோல்டருக்குள் டிஆர்ஐ என்பதன் கீழ் இருக்கும் ரெண்டர் டி128 என்ற கோப்பை கன்டெய்னருக்கு உள்ளே கொடுத்து, அதைத் தொட அனுமதியும் கொடுப்பது.

கோளாறு வந்தாலும் அனேகமாக அந்த ஒரு கோப்பில்தான் வரும். விஏ டிஸ்ப்ளே (வீடியோ சிப்போடு பேசும் வழி) கிடைக்கவில்லை என்று லாக்கில் வந்தால் முதலில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கெர்னல் பழசு. 2023-இல் வந்த என்100-ஐ டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பின் 5.10 கெர்னலுக்கு அடையாளமே தெரியாது. கோப்பு இருந்தும் பிழை வந்தால் அது எந்தக் குரூப்புக்குச் சொந்தம் என்று பாருங்கள், பொதுவாக "ரெண்டர்" என்று இருக்கும். அந்தக் குரூப்பின் எண்ணை கன்டெய்னருக்குச் சொல்ல வேண்டும். பெயர் பெரும்பாலும் ஒன்றுதான், எண் மட்டும் இன்ஸ்டாலுக்கு இன்ஸ்டால் மாறும். இணையத்தில் யாரோ எழுதிய எண்ணை அப்படியே ஒட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம், நானும் ஒருவன்.

இன்டெல் பக்கம் குறையே இல்லை என்று சொன்னால் பொய். கெர்னல் 5.18 முதல் 6.1.3 வரை ஐ915-இல் ஒரு பிழை இருந்தது. இந்த எச்டிஆர் நிற மாற்றம் அதில்தான் மாட்டிக்கொண்டது. டிரைவர் கெர்னலோடு வருவதன் மறுபக்கம் அது: கெர்னல் சறுக்கினால் நாமும் சறுக்குவோம். ஆனால் அப்போதும் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஐந்து இடத்தில் தேட வேண்டியதில்லை.

வேகத்தில் என்100 கார்டை நெருங்காது, ஒத்துக்கொள்கிறேன். எச்டிஆர் இல்லாத 4கே-யை 1080பி ஆக்கும்போது எனக்கு ஸ்பீட் 3 வாக்கில் வருகிறது. நிற மாற்றமும் சேர்ந்தால் குறைகிறது. இந்தச் சிப்புக்கு மெமரி சேனல் ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போது தெரியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்து நன்றாக ஓடியிருக்கிறது. அதற்கு மேல் என் வீட்டில் தேவைப்பட்டதில்லை; ஐந்தாறு பேருக்குப் பகிர்கிறீர்கள் என்றால் என் அனுபவத்தை நம்பி வாங்காதீர்கள். 10 பிட் எச்.264 என்று ஒரு விசித்திர வகை உண்டு, அனிமே கோப்புகளில் அதிகம். அதை டிகோட் செய்ய என்100-க்கும் தெரியாது, 1650-க்கும் தெரியாது, இரண்டிலும் சிபியு தலையில்தான் விழும். அங்கே நான்கு சின்னக் கோர்கள் கொஞ்சம் திணறுகின்றன. இன்டெல் ஆர்க் கார்டை நண்பர் வீட்டில் ஒரு சாயங்காலம் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

கரன்ட் கணக்கு ஒரு பத்தியில். டெஸ்க்டாப்பும் கார்டும் சும்மா இருக்கும்போதே சுமார் 60 வாட். இரண்டு மாத பில்லுக்கு 86 யூனிட். மினி பிசி 10 வாட், 14 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் கட்டணமும் சேர்ந்து ஏறும் என்பதால், ஏசி ஓடும் மாதங்களில் அந்த 72 யூனிட் வித்தியாசம் பில்லில் பளிச்சென்று தெரிந்தது.

மென்பொருளில் பிளெக்ஸா ஜெல்லிஃபினா என்று கேட்பார்கள். பிளெக்ஸில் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்குக்கு பிளெக்ஸ் பாஸ் வாங்க வேண்டும். ஜெல்லிஃபினில் எல்லாம் இலவசம், லாக்கும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. எனக்கு அது போதும்.

நான்காவதாக ஒரு வழி உண்டு: டிரான்ஸ்கோடே தேவைப்படாமல் செய்துவிடுவது. நியாயமாக அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வீடியோ ஓடும்போது டாஷ்போர்டைத் திறந்தால் ஏன் டிரான்ஸ்கோட் ஆகிறது என்று காரணத்தையே எழுதியிருக்கும். வீடியோ கோடெக் டிவிக்குப் பொருந்தினாலும் சப்டைட்டில் மாட்டிவிடும். ப்ளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். அது புரியாத டிவிக்கு அனுப்ப ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒட்டித்தான் தரவேண்டும், முழு வீடியோவும் மறுபடி என்கோட் ஆகும். அதற்குப் பதில் எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை வைத்தால் சர்வருக்கு வேலையே இல்லை. டிவி டிடிஎஸ் ஆடியோவை ஏற்கவில்லை என்றால் ஆடியோ மட்டும் மாறும், அது எந்தச் சிபியுவுக்கும் தூசு. ஒரே டிவி, கொஞ்சம் கோப்புகள் என்றால் வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ராத்திரி போட்டு மாற்றி வைத்துவிடலாம். அல்லது எச்இவிசி தெரிந்த ஆண்ட்ராய்டு டிவி பெட்டியை 3,000 ரூபாய் வாக்கில் வாங்கி டிவியில் செருகினால் சர்வரைத் தொடவே வேண்டாம். நான் ஏன் அதோடு நிறுத்தவில்லை? வீட்டில் டிவி ஒன்று, டேப்லெட் இரண்டு, வெளியூரில் மொபைல் டேட்டாவில் பார்க்கும் தங்கை ஒருத்தி. அவளுக்கு 4கே கோப்பை அப்படியே அனுப்பினால் ஒரு நாள் டேட்டா பத்து நிமிடத்தில் போய்விடும். பிட்ரேட்டைக் குறைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

மினி பிசிக்கு 2024-இல் 14,500 ரூபாய் கொடுத்தேன். 1650-ஐ 5,000-க்கு விற்றேன். டெஸ்க்டாப் அப்பாவின் மேஜைக்குப் போனது. டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு இருக்கும் அந்தப் பெட்டியின் அடியில் ஒரு சீட்டை செல்லோ டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்: "ரெண்டர் குரூப் 993. 104 இல்லை." அதற்குக் கீழே அப்பாவுக்காக இன்னொரு வரி: "ரௌட்டரைத் தொடவேண்டாம்."